கழுத்தில் ஒரே ஒரு துளை

காவலர் அக்கா, இதைத் தயவுசெய்து யாருக்கும் காட்ட வேண்டாம். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் ஆய்வாளருக்கும் மேலே இருப்பவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், என் அப்பா முன்னால் வாசிக்காதீர்கள், என் அம்மாவிடம் இது உங்கள் பெண் எழுதியதா என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் எழுதவில்லை என்றுதான் சொல்வேன். அழுதுகொண்டே சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெயர்: இன்று மாலை நீங்கள் எழுதிக்கொண்டது. இங்கே மறுபடி எழுதப் பயமாக இருக்கிறது. வயது: பதினைந்து. படிப்பு: பத்தாம் வகுப்பு. முகவரி: மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள மருத்துவர் குடியிருப்பு, இரண்டாம் மாடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உள்ள வீடு. தந்தை: அதே மருத்துவமனையில் இதய மருத்துவர். தாய்: வங்கியில் வேலை.

வாக்குமூலத்தின் முடிவில் எல்லாம் உண்மை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள் என்று மாலையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முடிவு வரை எழுத முடியுமோ முடியாதோ என்று தெரியாததால் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இதில் எழுதப்போவது அத்தனையும் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது; ஒரு சொல்லும் கூட்டவில்லை. இன்று மாலை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் ஒப்புக்கொண்ட வாக்குமூலம் பொய். அதில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. இந்தத் தாளின் ஓரத்தில் இப்போதே போட்டிருப்பதும் அதே கையெழுத்து. ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எட்டாம் வகுப்பில் நான் அழுதுகொண்டே கதவைத் தாழிட்டதால் அப்பா கழற்றிவிட்டார். அவர் கதவை ஒரு முறைதான் தட்டுவார். இரண்டாம் முறை தட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆகையால் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அம்மா வங்கியிலிருந்து வர நேரமாகும் என்பதால் ஆறாம் வகுப்பு முதல் பள்ளி விட்டதும் நான் அப்பாவின் மருத்துவமனைக்குப் போய், இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற, கேத் லேப் என்று சொல்லும் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது வழக்கம். இரண்டு அறைக்கும் நடுவில் பெரிய கண்ணாடி இருக்கிறது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கேட்கும். எக்ஸ்ரே படம் ஓடும் திரையும் இந்த அறையில் ஒன்று உண்டு. நான் டாக்டராக வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று அப்பா விட்டிருந்தார்.

அதனால் எனக்குச் சில விஷயங்கள் தெரியும். மாற்று இதயம் வைத்தவர்களுக்கு உடம்பு அந்த இதயத்தை ஏற்றுக்கொண்டதா, துரத்தப் பார்க்கிறதா என்று பார்க்க, இதயத்தின் உள்சுவரிலிருந்து கடுகளவு துணுக்குகள் சில கிள்ளி எடுப்பார்கள். இதற்குப் பயாப்ஸி என்று பெயர். மார்பைத் திறப்பதில்லை. கழுத்தின் வலப்பக்கம் இருக்கிற பெரிய சிரையில் ஊசி குத்தி, ஊசிக்குள் கம்பி விட்டு, கம்பி மேல் குழாய் ஏற்றி, அந்தக் குழாய் வழியாகச் சின்ன வாய் போல் திறந்து மூடும் இடுக்கியை இதயத்துக்குள் இறக்குவார்கள். கழுத்து முடியாது என்றால் தொடையின் மேல்பக்கத்துச் சிரை வழியாகவும் போகலாம். தொடையில் குத்தினால் நோயாளி கொஞ்ச நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.

கழுத்தில் அந்தச் சிரையை ஒட்டியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி ஓடுகிறது. "ரெண்டும் ஒட்டிப் பிறந்த அக்கா தங்கச்சி கண்ணு. ஒருத்தி சாது, அழுத்தினா அமுங்கிடுவா. இன்னொருத்தி ராட்சசி, அழுத்தினா திருப்பி அடிப்பா" என்று அப்பா சொல்லுவார். ஸ்கேன் மெஷினைக் கழுத்தில் வைத்து அழுத்தினால் திரையில் சாது சப்பையாகும், ராட்சசி உருண்டையாகவே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே குத்தினால் தப்பு வருவது அபூர்வம்.

என் அப்பா ஸ்கேன் மெஷின் வைத்துக் குத்துவதில்லை. விரலால் தடவிப் பார்த்தே குத்துவார், முதல் குத்திலேயே சிரைக்குள் போய்விடுவார். அதனால் மருத்துவமனையில் அவருக்கு 'ஒத்தக்குத்து' என்று பட்டப்பெயர். அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும். ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன்.

"அப்பா, ஊசியை உள்ளுக்குள்ளயே முன்னும் பின்னுமா நாலஞ்சு தடவை விட்டீங்களே, அதுவும் ஒரே குத்தா?"

"ஊசி முனை தோலை விட்டு வெளிய வந்துச்சா?"

"இல்லை."

"அப்ப ஒரே குத்துதான். வீட்டுக்குள்ள நீ எத்தனை ரூமுக்குப் போனாலும் வாசல்ல ஒரு தடவை நுழைஞ்சதாத்தானே கணக்கு?"

அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கணக்கைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோனவர் பஸ் கண்டக்டர். நான் அவரைக் கண்டக்டர் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு மாற்று இதயம் வைத்து மூன்று வருடம் ஆகிறது. எல்லாப் பயாப்ஸியும் அப்பாதான் அதே வலது கழுத்தில் எடுத்தார். கம்பி உள்ளே போகும்போது "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று அக்கா பஸ்ஸில் கத்துவது போலவே சொல்லுவார். அப்பாவுக்கே சிரிப்பு வந்து "ஆடாதீங்கம்மா, கை நடுங்குது" என்பார். அக்காவின் வீட்டுக்காரர் அதே பஸ்ஸின் ஓட்டுநர். வெளியே நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவனுக்கு நிற்பதுதான் ஓய்வு என்று சொல்லுவார்.

நேற்று பள்ளி விட்டு நான் போனபோது அக்கா மேசையில் படுத்திருந்தார். பயிற்சி டாக்டரும் நர்ஸும் உள்ளே இருந்தார்கள். பயிற்சி டாக்டர் ஒல்லியாக இருப்பதால் அப்பா அவரை 'ஈர்க்குச்சி' என்றுதான் கூப்பிடுவார். அவர் அக்காவின் கழுத்தில் ஸ்கேன் வைத்து நர்ஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் சாது இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஒன்றுதான் தெரிந்தது. பல தடவை குத்தியதால் தழும்பு விழுந்து அடைத்துப்போயிருக்கிறது, கழுத்து வேண்டாம், தொடையில் போகலாம் என்று சொல்லி, தொடையில் மருந்து தடவித் துணி போர்த்தித் தயார் செய்திருந்தார்.

அதன் பிறகு அப்பா உள்ளே வந்து, போர்த்தியிருந்த துணியைப் பார்த்து, "யாரு சொன்னா தொடைன்னு?" என்று கேட்டார்.

"சார், வலது பக்கம் அடைச்சிருக்கு. ஸ்கேன்ல பார்த்தேன் சார்."

"அடடா. மூணு வருஷமா நான் குத்தற எடம், நீ மூணு நிமிஷத்துல மூடிட்டே." பிறகு நர்ஸைப் பார்த்து, "இந்த டிவியை எடுத்துட்டுப் போய் மேல் வார்டுல விடும்மா. சீரியல் பார்த்துக்கிட்டே குத்தறவங்களுக்கு உதவும்" என்றார். நர்ஸ் தயங்கினார். அப்பா விரலைச் சொடுக்கினார். நர்ஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எக்ஸ்ரே எடுக்கும் அண்ணன் அன்று வேறு அறையில் இருந்ததால், படம் காட்டும் மிதியை அப்பாவே மிதித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். படத்தைப் பதிவு செய்ய வேறொரு மிதி உண்டு. அதை அவர் மிதிக்கவில்லை.

கண்டக்டர் அக்கா தலையைத் திருப்பி, "தொடையிலயே போட்டுடுங்க டாக்டர். போன தடவையே கழுத்து ரொம்ப வலிச்சுது" என்றார்.

"டிக்கெட் வாங்கிட்டு ஏறினவங்க ரூட்டைப் பத்திப் பேசலாமா? டிரைவர் நான்தானே?"

அக்கா சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

அதன் பிறகு அப்பா மரப்பு ஊசி போட்டு, விரலால் தடவி, மரப்பு ஊசி போட்ட அதே இடத்தில் பெரிய ஊசியைக் குத்தினார். ரத்தம் வரவில்லை. ஊசியை வெளியே எடுக்காமல் கொஞ்சம் பின்னால் இழுத்து வேறு பக்கம் செலுத்தினார். வரவில்லை. மறுபடி இழுத்தார், செலுத்தினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்றார். பயிற்சி டாக்டர், "சார், வெளிய எடுத்துட்டு இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தார். "உன் கல்யாணத்துல நீ ரெண்டாவது தடவை ட்ரை பண்ணு" என்று அப்பா சொன்னார். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி தோலை விட்டு வெளியே வராமல் உள்ளுக்குள் ஏழு பக்கம் போனது. ஏழாவது தடவை ரத்தம் வந்தது.

"சார், ரத்தம் ரொம்பச் சிவப்பா இருக்கு. துள்ளுது சார்."

"ஆக்ஸிஜன் குடுத்திருக்கு. சிவப்பா இல்லாம பச்சையாவா வரும்?"

அப்பா கம்பியை விட்டார். சிரைக்குள் போன கம்பி திரையில் முதுகெலும்புக்கு வலப்பக்கமாக நேரே கீழே இறங்கும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நேற்று அது தமனிக்குள் போன கம்பி போல முதுகெலும்பைத் தாண்டி அந்தப் பக்கம் வளைந்தது. பயிற்சி டாக்டர் அதையும் சொன்னார். அப்பா திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். "பாடம் எடுக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்த்தபடியே குழாயை முழுக்க ஏற்றினார். குழாயின் வாயிலிருந்து ரத்தம் அவருடைய மேலங்கியில் பீய்ச்சியது. அப்போதுதான் திரையைப் பார்த்தார்.

குழாய் தமனிக்குள் போய்விட்டால் அதைப் பிடுங்கக் கூடாது, அப்படியே விட்டுவிட்டு ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று போன வருடம் அப்பாவே வகுப்பு எடுத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பயிற்சி டாக்டர் அதையே சொன்னார். "எடுக்காதீங்க சார். சர்ஜனைக் கூப்பிடறேன் சார்."

"கூப்பிட்டு? ஒத்தக்குத்து ராட்சசியைக் குத்திட்டான், வந்து பாருங்கன்னு சொல்லப்போறியா?"

அதன் பிறகு அப்பா குழாயையும் கம்பியையும் ஒன்றாக உருவி எடுத்தார். பயிற்சி டாக்டரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "அழுத்து. பத்து நிமிஷத்துல நின்னுடும். விரலை எடுத்தே, தோலை உரிச்சுடுவேன்" என்று சொன்னார். மேலங்கியையும் கையுறையையும் கழற்றிக் கை கழுவிவிட்டு நான் இருந்த அறைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"கணக்குல எவ்வளவு கண்ணு?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"மீதி ஒன்பது எங்க போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. "டாக்டர், கழுத்துக்குள்ள என்னவோ உருளுது டாக்டர்" என்றார். குரல் அவருடையது போல் இல்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. பயிற்சி டாக்டர், "சார், வீங்குது சார், உள்ள கசியுது, மூச்சுக்குழாயை அமுக்குது, மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கையை எடுக்க முடியாததால் அவரால் போன் பக்கம் போக முடியவில்லை. அதன் பிறகு அக்கா மூச்சு இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

"கண்டக்டர் விசில் குடுத்துட்டாங்க" என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு ஒலிபெருக்கியின் சுவிட்சை அணைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயிற்சி டாக்டரின் வாய் திறந்து திறந்து மூடியது. சார், சார் என்றுதான் சொல்லியிருப்பார். அக்காவின் கால் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து மேசையை உதைத்தது. நான், "அப்பா, அப்பா போங்க" என்றேன். "பையன் பயந்தாங்கொள்ளி. அழுத்தக் கத்துக்கட்டும்" என்றார். அவர் அக்காவின் ஆக்ஸிஜனையும் நாடித்துடிப்பையும் காட்டும் எண்களைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்கள் இறங்கின. பிஸ்கட்டின் தூளை என் புத்தகத்தின் மேலிருந்து தட்டிவிட்டார்.

அதன் பிறகு அவர் எழுந்து, கேத் லேப்புக்குள் போகாமல், வெளிவாசல் வழியாக வராந்தாவுக்குப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, "உள்ள யாரு? நான் வர்றதுக்குள்ள யாரு கை வச்சது?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். மயக்க டாக்டரும் நர்ஸும் மற்றவர்களும் அவர் பின்னால் ஓடிவந்தார்கள். எல்லாரும் பார்த்தது, வீங்கிய கழுத்தின் மேல் ரத்தக் கையோடு குனிந்திருந்த பயிற்சி டாக்டரைத்தான். கையும் களவுமாகப் பிடித்தோம் என்று நர்ஸ் உங்களிடம் சொன்னார் அல்லவா? அவர் பொய் சொல்லவில்லை. அவர் மெஷினோடு போன பிறகு அப்பாவும் வெளியே போயிருந்தார் என்று நினைத்துக்கொண்டார், அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அக்காவின் தொண்டைக்குள் குழாய் போட மயக்க டாக்டர் முயன்றார், வழி கிடைக்கவில்லை. அக்கா மேசையிலேயே இறந்துபோனார்.

வெளியே நின்றுகொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் பயிற்சி டாக்டரைச் சுவரோடு வைத்து அடித்தார். அப்பாதான் விலக்கிவிட்டார். விலக்கிவிட்டு, "சின்னப் பையன், விட்டுடுங்க, சட்டம் பார்த்துக்கும்" என்றார். அக்காவின் வீட்டுக்காரர் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதே டாக்டர்" என்று அழுதார். அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறேன். நேற்றுதான் பார்த்தேன்.

இரவு வீட்டில் அப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்து, என் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். "இது சாது. இது ராட்சசி. எது எதுன்னு தெரிஞ்ச பொண்ணுக்கு எங்க பேசணும், எங்க பேசக் கூடாதுன்னும் தெரியணும்" என்றார். கொஞ்சம் அழுத்தினார். "துடிக்குது பாரு. பொய் சொல்ல வேண்டாம் கண்ணு. ஊசி அந்தப் பையன் கையில இருந்துச்சு, அதுக்கு மேல பார்க்கலைன்னு சொல்லு. கணக்கை விட ஈஸி." அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்குத் தலை வாரிவிடும்போது, "யானைக்கும் அடி சறுக்கும் பாப்பா" என்றார். யானையின் காலுக்குக் கீழே இருந்தவரைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லை.

இன்று மாலை நீங்கள் வந்தீர்கள். உங்கள் ஆய்வாளர் என்னிடம் கேட்ட கேள்விகளை விட அவருடைய அம்மாவின் மார்வலியைப் பற்றி அப்பாவிடம் கேட்ட கேள்விகள்தான் அதிகம். "கூட்டிட்டு வாங்க, நானே பார்க்கறேன்" என்று அப்பா சொன்னார். நான் சொல்ல ஆரம்பித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்பா முடித்தார், நீங்கள் எழுதினீர்கள். கடைசியில் வாசலில் செருப்பு மாட்டும்போது நீங்கள் என் பக்கம் குனிந்து, "வேற ஏதாவது சொல்லணும்னா காலையில ஸ்கூல் வாசல்ல நிப்பேன்" என்று சொன்னீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பயிற்சி டாக்டர் நேற்று இரவு முதல் உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். அவர் நடந்ததைச் சொல்லியிருப்பார், யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் சொன்னதும் நான் எழுதியதும் ஒன்றாக இருக்கும். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவர் என்னிடம் இதுவரை பேசியதே இல்லை, அப்பாவின் மகள் என்று பயப்படுவார்.

இப்போது முக்கியமானதை எழுதுகிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் அப்பா கூடத்தில் போனில் பேசியது எனக்குக் கேட்டது. நாளை காலை அக்காவின் உடலைப் பரிசோதிக்கப் போகிறவர் அப்பாவோடு படித்தவர். அவரிடம், "கழுத்துல ஒரே ஒரு துளைதான்டா இருக்கு. கத்துக்குட்டி ஒரே குத்துல தமனியில விட்டுட்டான்னு எழுதினா முடிஞ்சுது. ஏன் கழுத்தையெல்லாம் பிரிச்சுக்கிட்டு? பாவம், வீட்டுக்காரர் முகம் பார்க்கணும்ல?" என்று சொன்னார். பிறகு இருவரும் ஏதோ பழைய கதை பேசிச் சிரித்தார்கள். மதியம் உடலைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டால் அப்புறம் நான் சொல்வதற்கு ஒரு சாட்சியும் இருக்காது.

துளை ஒன்றுதான் காவலர் அக்கா. அது உண்மை. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே குத்தில் தமனியில் போயிருந்தால் உள்ளே ஒரே ஒரு தடம்தான் இருக்க வேண்டும். துளைக்குக் கீழே சதையில் விசிறி போல ஊசித் தடங்கள் இருக்கும். ஏழு இருக்கும். முதல் குத்தில் கிடைக்கவில்லை என்றால் பயிற்சி டாக்டர் ஊசியை வெளியே எடுத்துவிட்டுத்தான் மறுபடி குத்துவார், அதற்காக அப்பாவிடம் பல தடவை திட்டு வாங்கியிருக்கிறார், கேத் லேப்பில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளுக்குள்ளேயே தேடுகிறவர் அந்த மருத்துவமனையில் ஒருவர்தான். வேறு ஊர் மருத்துவரை வைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காலை மணி அடிப்பதற்குள் இதை உங்களிடம் கொடுத்துவிடுவேன். வலது ஷூவுக்குள் அட்டைக்குக் கீழே வைத்திருப்பேன். நான் வாசலில் ஷூ கயிறு கட்டுவது போல் குனிந்தால் நீங்களும்

தட்டிவிட்டார். ஒரு தட்டு. லைட் ஏன் எரியுது கண்ணு என்கிறார். தோலைப் பார்க்காதீர்கள் அக்கா, தோலுக்குக் கீழே, தோலுக்குக் கீ